இ-ரீடர் கார்டுகளை இப்போது காசு கொடுத்து வாங்கலாமா?

நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் அட்வான்ஸில் இ-ரீடர் என்ற துணைக்கருவியைச் செருகி, அதில் தேய்த்து விளையாடும் பழைய கார்டுகள் ஒரு கட்டு விற்பனைக்கு வந்திருக்கிறது, சூப்பர் மாரியோ அட்வான்ஸ் 4 ஆட்டத்தின் கார்டுகளும் அதில் இருக்கின்றன, வாங்கலாமா அல்லது வெறும் அட்டைக்கு இவ்வளவு விலை வீணா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்கும் தோரணையைப் பார்த்தால் உங்களுக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயது இருக்கும். சின்ன வயதில் யாரிடமோ இதைப் பார்த்து ஏங்கியிருப்பீர்கள். இப்போது கையில் காசு இருக்கிறது, வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆனால் "வெறும் அட்டை" என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில்.

கார்டின் ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு மாதிரி ஒரு பட்டை ஓடும். உற்றுப் பார்த்தால் அது கோடு இல்லை, அத்தனையும் நுண்ணிய புள்ளிகள். ஒலிம்பஸ் நிறுவனத்தின் புள்ளிக் குறியீட்டு நுட்பம் அது. நீளமான பட்டை ஒன்றில் ஏறக்குறைய 2.2 கிலோபைட், குட்டைப் பட்டையில் 1.4 கிலோபைட் தகவல் அடங்கும். இன்றைக்கு ஒரு குட்மார்னிங் படத்துக்குக்கூடப் போதாது, சரி. ஆனால் பலூன் ஃபைட், எக்ஸைட்பைக் மாதிரிப் பழைய ஆட்டங்கள் ஒவ்வொன்றையும் 5 கார்டுகளில் முழுசாக அச்சடித்து விற்றார்கள். ஒவ்வொரு பட்டையாகத் தேய்க்கத் தேய்க்க ஆட்டம் உள்ளே சேர்ந்துகொண்டே வரும். எல்லாம் சேர்ந்ததும் ஓடும். ஆட்டமே அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. இதை எத்தனை பேரிடம் சொல்லியும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், கார்டில் ஏதோ பாஸ்வேர்டு இருக்கும் என்றுதான் நினைக்கிறார்கள்.

மாரியோ கார்டுகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். எதிரிகளும் படங்களும் கேட்ரிஜில், அதாவது கேம்பாயில் செருகும் ஆட்டப் பெட்டியில் இருக்கும், எந்தப் பள்ளம் எங்கே, எந்தக் குழாய் எங்கே என்ற கட்டத்தின் (லெவலின்) வரைபடம் கார்டிலிருந்து வரும். அப்படி வந்த கட்டங்களில் மூல ஆட்டத்தில் கிடைக்காத பறக்கும் கேப் எல்லாம் உண்டு. உள்ளே வந்த கட்டம் கேட்ரிஜிலேயே சேமிக்கப்படும், மறுபடி தேய்க்க வேண்டியதில்லை. 32 கட்டங்கள் வரை வைத்துக்கொள்ளலாம்.

உடனே ஒருவர் வந்து "போகிமான் ரூபி, சஃபையர் ஆட்டங்களுக்கு வந்த ஈயான் டிக்கெட் கார்டு வெறும் சாவிதானே, அது திறந்துவிடும் தெற்குத் தீவு கேட்ரிஜிலேயே இருந்ததே" என்பார். இருந்தது, மறுக்கவில்லை. எல்லாக் கார்டும் ஒரே ரகம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

என் கதைக்கு வருகிறேன். அப்பாவுக்கு அப்போது நியூ ஜெர்சியில் வேலை. (அமெரிக்கப் பெருமை பேசுகிறேன் என்று எழுத வருபவர்களுக்கு: திரும்பி வந்து சென்னையில்தான் படித்தேன், பெருமை பேச ஒன்றுமில்லை.) இ-ரீடர் அமெரிக்காவில் 2002 செப்டம்பரில் வந்தது, விலை 40 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. மாரியோ அட்வான்ஸ் 4 ஆட்டம் 2003 அக்டோபரில் வந்தது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு கேம்பாயில் இ-ரீடர் செருகினால் மாரியோ கேட்ரிஜுக்கு இடமில்லை. ஆகவே இரண்டு கேம்பாய் வேண்டும், நடுவில் ஒரு லிங்க் கேபிள் வேண்டும். ஒரு மத்தியதரக் குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளைக்கு ஒரு கேம்பாய் வாங்கிக் கொடுத்ததே பெரிய விஷயம். இரண்டாவதற்கு எங்கே போவது?

அதே அபார்ட்மெண்டில் பெரியம்மா வீடு. பெரியம்மா மகன் சீனு அண்ணாவிடம் மடக்குகிற கேம்பாய், எஸ்பி மாடல் இருந்தது. அவன் போட்ட நிபந்தனை, கார்டை அவன்தான் தேய்ப்பான். கார்ப்பெட்டில் இரண்டு பேரும் முழங்கால் இடிக்க உட்காருவோம், ஏனென்றால் கேபிள் அவ்வளவுதான் எட்டும். ஒரு முனை ஊதா, மறு முனை சாம்பல், நடுவில் சின்னப் பெட்டி. கடையில் கார்டு தேய்ப்பது போல அவன் சர்ரென்று இழுப்பான், திரையில் பிழை என்று வரும். மறுபடி இழுப்பான், மறுபடி பிழை. அதற்கு ஒரே வேகத்தில், நடுவில் நிற்காமல், கார்டு ஆடாமல் போக வேண்டும். எனக்கு அது கை வந்த கலை. "தள்ளுண்ணா, நான் பண்றேன்" என்று பிடுங்கித் தேய்த்தால் முதல் தடவையே டிங் என்று ஏறிவிடும். "மெஷின் சூடாயிடுச்சுடி, அதான்" என்பான். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறான்.

அப்பா நாங்கள் கார்டுகளைத் தரையில் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து, முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கவரை நீட்டினார். உள்ளே என் மாரியோ கார்டுகள். அத்தனையும் லேமினேட் செய்யப்பட்டு, நாலு பக்கமும் பளபளவென்று ஓரம் விட்டு.

"இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது பாரு."

"அப்பா, இது ரேஷன் கார்டு இல்லப்பா!"

ரீடரின் பிளவு கார்டின் கனத்துக்கு மேல் இடம் கொடுக்காது. அண்ணா ஓரத்தை ஒட்டக் கத்தரித்துப் பார்த்தான். அப்போதும் கனம் கனம்தான், உள்ளே போகவில்லை. உறையைப் பிரித்தால் கார்டின் மேல்தோல் மையோடு சேர்ந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது, புள்ளிப் பட்டை உட்பட. இரண்டு கார்டைப் பாழாக்கியதும் மீதியை அப்படியே விட்டுவிட்டோம். ஓரம் கொஞ்சம் உரிந்தால் மட்டும் சமாளிக்கலாம், பிழை திருத்தும் தகவலையும் சேர்த்தேதான் அச்சடித்திருப்பார்கள். பட்டையே போனால் எதுவும் செய்ய முடியாது. மறுபடி வாங்கித் தரச்சொல்லிக் கேட்க மனசு வரவில்லை. அப்புறம் கடையில் கிடைக்கவும் இல்லை, 2004 தொடக்கத்தில் அமெரிக்காவில் இ-ரீடரையே நிறுத்திவிட்டார்கள். ஜப்பானில் மட்டும் 2008 வரை ஓடியது.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. அந்தத் தலைமுறைக்கு ஒரு பொருள் மேல் பாசம் வந்தால் அதற்கு உறை போட்டாக வேண்டும். டிவி ரிமோட்டைப் பாருங்கள், சோபாவைப் பாருங்கள். ஆனால் இது கார்டோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிகிரி சர்டிஃபிகேட், எதையும் விடவில்லை. பின்னாளில் வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கப் போனால், கவுண்டரில் இருந்தவர் தொட்டுக்கூடப் பார்க்காமல் "லேமினேஷனா? எடுத்துட்டு வாங்க" என்று தள்ளிவிட்டார். எப்படி எடுப்பது என்று கேட்டால் அது எங்கள் வேலை இல்லை என்றார். எடுத்தால் கிழியும், கிழிந்தால் டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கவுண்டரில் சுவர் நிறைய அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், லேமினேட் செய்யாதீர்கள் என்று பள்ளியில் சான்றிதழ் கொடுக்கும் அன்றைக்கே ஒரு வரி சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

அந்தக் கட்டங்களை விளையாடினால் போதும் என்றால் கார்டே வேண்டாம். 2016-ல் நிண்டெண்டோவின் வீ யூ கருவிக்கு வந்த பதிப்பில், ஜப்பானில் மட்டும் விற்றவை உட்பட 38 கார்டுக் கட்டங்களையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். இப்போது அவர்களுடைய ஸ்விட்ச் கருவிக்கான ஆன்லைன் சந்தாவிலும் (எக்ஸ்பேன்ஷன் பேக் வகை) அந்த ஆட்டம் இருக்கிறது. எனக்குப் பாழாய்ப்போன கட்டங்களை அதில்தான் விளையாடினேன். நன்றாகத்தான் இருந்தன. ஒன்றிரண்டு சுமார்.

தேய்க்கும் அனுபவம் வேண்டும் என்றால் வாங்குங்கள். இப்போது வரும் நிண்டெண்டோவின் அமீபோ கார்டுகளில் அது கிடைக்காது. அவை உள்ளே சில்லு வைத்தவை, தொட்டால் போதும். அனிமல் கிராசிங் ஆட்டத்தின் சான்ரியோ கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தச் சாமான்கள் அப்டேட்டோடு எல்லோருடைய கருவிக்கும் வந்து பூட்டிக் கிடக்கும், கார்டு வைத்திருப்பவருக்குத் திறக்கும். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, வாங்குகிறார்கள், நான் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் என் மெமரியில் ஏற்கெனவே இருப்பதற்கு இன்னொரு தடவை காசா என்று எனக்குத் தோன்றும். பழைய ஈயான் டிக்கெட்டுக்கும் இதே கேள்வி பொருந்தும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வாங்குவது என்று முடிவானால் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் கார்டு அமெரிக்க ரீடரில் ஏறாது, எந்த நாட்டுக் கார்டு என்று முதலில் கேளுங்கள். கேம்பாய்க்குப் பிறகு வந்த டிஎஸ் கருவி இருக்கிறதே, அதில் செருகிக்கொள்ளலாம் என்று யோசிக்க வேண்டாம், அதில் லிங்க் கேபிள் துளையே கிடையாது, மாரியோவுக்கு அனுப்ப முடியாது. பட்டை இருக்கும் ஓரங்களை வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முன்பக்கப் படத்தை மட்டும் போட்டு விற்பவரிடம் வாங்காதீர்கள். "பாதுகாப்பாக லேமினேட் செய்யப்பட்டது" என்று விளம்பரத்தில் இருந்தால் எனக்கு அந்த இணைப்பை அனுப்புங்கள், அது எங்கள் வீட்டுக் கார்டாகக்கூட இருக்கலாம். சென்னைக்கு வரும்போது அவற்றை என்ன செய்தோம் என்று அம்மா இன்னும் சரியாகச் சொல்லவில்லை.