புதிதாக ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கியிருக்கிறோம், வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

கூண்டோடு சேர்த்துக் கடையில் ஒரு மண்பானையும் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பரணில் வைத்துவிடுங்கள். தீனி, தண்ணீர் பற்றியெல்லாம் அப்புறம் சொல்கிறேன்.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி என்ற சின்னக் கிளி. (பெயருக்கு உரிய லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். கடைகளில் அதை ‘ஆப்பிரிக்கன்’ என்று தனியாகச் சொல்வார்கள்.) பட்ஜிக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதி. அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து, புல் விதை பிடித்து, மரப்பொந்தும் கிடைத்தால் உடனே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிடும். பூமி காய்ந்ததும் நிறுத்திவிட்டுக் கூட்டமாக வேறு இடம் தேடிப் போய்விடும். நம் வீட்டுக் கூண்டில் தினமும் கிண்ணம் நிறையத் தினை, பக்கத்திலேயே தண்ணீர், பொந்து மாதிரி ஒரு பானை. அந்தப் பெட்டைக்கு வருடம் முழுக்க மழைக்காலம்தான்.

நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு மஞ்சள் பெட்டையை இழந்த பிறகு. வாங்கி வந்த அன்றே பானையைத் தொங்கவிட்டோம். முதல் ஈட்டில் (ஒரு தடவை சேர்ந்தாற்போல் இடும் முட்டைகள்தான் ஓர் ஈடு) நான்கு குஞ்சுகள், வீடே கொண்டாடியது. அவை பானையை விட்டு வெளியே வருவதற்குள் அடுத்த ஈடு தொடங்கிவிட்டது. மூன்றாவது ஈட்டின்போது ஒரு காலையில் கூண்டின் தரையில் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியது. குளிராக இருக்கும் என்று நினைத்துத் துணியைப் போர்த்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். முட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது, காலையிலேயே வந்திருக்க வேண்டும் என்றார். அன்று இரவே போய்விட்டது. முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள உயிர் அது. அதற்கு இருந்த ஒரு பகல் நேரத்தை நான் வீணாக்கிவிட்டேன் என்பது இன்னும் மனதில் இருக்கிறது.

முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பெட்டை தன் எலும்பிலிருந்துகூட எடுத்துக் கொடுக்கும். வெறும் தினையில் அந்தச் சத்து மிகக் குறைவு. ஈடு மேல் ஈடாக வைத்தால் உடம்பு காலியாகி, முட்டையைத் தள்ளும் தசைக்கே வலு இருக்காது. அதனால் பெட்டைக்கு ஒரு வயது முடியும்வரை பானை வேண்டாம். அதற்குப் பிறகும் வருடத்துக்கு இரண்டு ஈடு போதும், முடிந்ததும் பானையை எடுத்துவிட வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, சிறு பெட்டி என்று பொந்து போலத் தோன்றும் எதையும் கூண்டில் வைக்காதீர்கள். பானை இல்லாமலே கூண்டின் தரையில் முட்டையிட்டால் உடனே எடுத்து வீசக் கூடாது. எடுத்தால் ஈடுகட்ட மேலும் இடும். மூன்று வாரம் போல அப்படியே விட்டால் தானாகச் சலித்து விட்டுவிடும்.

கூண்டில் ஒரு கடல் நுரை (கணவாய் மீனின் வெள்ளை ஓடு) எப்போதும் தொங்கட்டும், அலகால் சுரண்டிச் சாப்பிடும். முருங்கைக்கீரை, கொத்தமல்லியை நன்றாகக் கழுவி ஈரத்தோடு செருகி வைத்தால் கொத்தும், அதிலேயே குளிக்கவும் செய்யும். காலை வெயில் கொஞ்ச நேரம் நேரடியாகப் பட வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தப் பலன் கிடைக்காது. ஆனால் ஒதுங்கக் கூண்டில் ஒரு பக்கம் நிழல் இருக்க வேண்டும்.

தினைக் கிண்ணத்தைத் தினமும் வாயால் ஊதிப் பாருங்கள். பட்ஜி விதையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். பார்க்க நிறைந்திருப்பது போல இருக்கும், உள்ளே ஒரு மணி தினை இருக்காது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுச் சென்றால் இதைக் கட்டாயம் சொல்லிவிட்டுப் போங்கள்.

சமையலறைப் பக்கம் கூண்டு வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகையும் ஆகாது.

நோய் வந்தால் முடிந்தவரை வெளியே காட்டாது. காட்டில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் வேட்டையாடும் விலங்குகள் முதலில் பிடிக்கும் என்பதால் வந்த பழக்கம் அது. பகலில் உப்பிக்கொண்டு தூங்கினாலோ, தரையில் உட்கார்ந்தாலோ ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடாதீர்கள். சூடாக வைத்து அன்றே மருத்துவரிடம் போங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பறவைகளையும் பார்க்கிறார்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பதும் நல்லது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை குறைந்துவிடும்.

சரி, எது பெட்டை என்று தெரியவில்லையா? அலகுக்கு மேலே மூக்குத் துளை உள்ள சதையைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் நீலம், பெட்டைக்குப் பழுப்பு. குஞ்சுப் பருவத்தில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியாது, சில மாதம் பொறுக்க வேண்டும். இரண்டுமே ஆண் என்று பிறகு தெரியவந்தாலும் மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது இருப்பவை இரண்டும் ஆண்தான். ஒன்றுக்கொன்று இறகு கோதிவிட்டு, மதியம் முழுக்க இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கின்றன.