டெல்லியில் இருந்து நவம்பர் வாக்கில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நான்கு நாள் ஓய்வாக இருந்துவிட்டு வர எந்த மலை ஊர் நல்லது? சிம்லாவா, மசூரியா, நைனிடாலா?

மூன்றும் வேண்டாம், உத்தராகண்டில் இருக்கும் ராணிகேத் போங்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு, நீங்களும் அலுத்துப் போயிருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைத்தெருவும் கூட்டமும் உள்ள ஊருக்குப் போனால் அந்த அலுப்பு இன்னும் கொஞ்சம் கூடித்தான் திரும்பும். மயூர் விஹாரில் இருந்துகொண்டு பல வருஷமாக மலை ஊர்களுக்குப் போய்வருகிறவன் என்பதால் இதை உறுதியாகவே சொல்கிறேன்.

ராணிகேத் 1869-இல் உருவான ராணுவக் குடியிருப்பு, குமாவோன் படைப்பிரிவின் தலைமையிடம். கண்டோன்மென்ட் பகுதியில் நினைத்தபடி கட்டடம் கட்ட முடியாது. அதனால்தான் மற்ற மலை ஊர்களில் விடுதிகள் அடுக்கடுக்காக நிற்கிற இடத்தில் இங்கே இன்னும் பைன் மரமும் தேவதாருவும் நிற்கின்றன. உயரம் சுமார் 1,870 மீட்டர், ஊட்டியை விடக் குறைவு. அம்மாவுக்கு மூச்சு வாங்குமோ என்று கேட்டிருந்தீர்கள். ஊட்டியில் சிரமப்படாதவர் என்றால் இங்கேயும் சிரமப்பட மாட்டார்.

ஊரைவிடத் தேதிதான் முக்கியம். ஐப்பசியில் மலைக்கா என்று அம்மா தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது, நம் ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. இமயமலைப் பக்கம் அப்படியே தலைகீழ். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தோடு பருவமழை விலகிவிடும். மழை கழுவிவிட்ட காற்றில் தூசி இருக்காது. மே மாதத்தில் புகைமூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பனிச்சிகரங்கள் எல்லாம் இப்போது முழுசாகத் தெரியும்.

தசரா விடுமுறையிலும் தீபாவளியை ஒட்டிய நீண்ட வார இறுதியிலும் போகவே போகாதீர்கள். டெல்லிப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் விடுமுறை என்பதால் மொத்த டெல்லியும் அந்தச் சாலையில்தான் நிற்கும். ஆர்.கே.புரம் மலை மந்திரில் கந்த சஷ்டி பார்க்காமல் அம்மா கிளம்ப மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதாயிற்று. சூரசம்ஹாரம் முடிந்த மறுநாளுக்கு அப்புறம் வரும் வார நாட்களைப் பிடியுங்கள். அதே சஷ்டியில்தான் பீகார் பக்கத்து மக்களின் சட் பூஜையும் வரும், அதற்காக ஊருக்குப் போகிறவர்களின் நெரிசலும் அதற்குள் ரயில் நிலையங்களில் தணிந்திருக்கும். தீபாவளிக்கு அப்புறம் டெல்லிக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருமிக்கொண்டிருக்கும் பெரியவர்களை அந்த நாட்களில் நான்கு நாளாவது வெளியே அழைத்துப் போவது பெரிய உதவி.

காரில் போவதாக இருந்தால் கார்த்திக் பூர்ணிமாவைத் தவிருங்கள். அது பெரும்பாலும் நம் ஐப்பசிப் பௌர்ணமி, சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் நாள். அன்று கட்முக்தேஷ்வரில் கங்கைக் கரையில் பெரிய மேளா கூடும், நீங்கள் போக வேண்டிய மொராதாபாத் நெடுஞ்சாலை அங்கே திணறும்.

ஆனால் அம்மாவோடு போகும்போது ரயில்தான் என் தேர்வு. புது டெல்லியில் காலையில் கிளம்பும் காத்கோதாம் சதாப்தியில் ஏறினால் மதியத்துக்குள் மலையடிவாரம். இரவு வண்டியான ராணிகேத் எக்ஸ்பிரஸும் உண்டு, அது விடியும் முன்பே இறக்கிவிடும், பெரியவர்களுக்குக் கஷ்டம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, திறந்த அன்றே போட்டுவிடுங்கள். காத்கோதாமில் இருந்து டாக்சியில் சுமார் மூன்று மணி நேரம். பவாலி தாண்டியதும் வரும் கைன்சி தாம் ஆசிரமத்தின் முன்னால் வண்டிகள் தேங்கி நிற்கும். வார இறுதியில் அது பொறுமையைச் சோதிக்கும், வார நாட்களில் போகச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

அறை விஷயத்தில் கொஞ்சம் மெனக்கெடுங்கள். நந்தா தேவி, திரிசூல் எல்லாம் வடக்கில் இருக்கின்றன. 'வியூ ரூம்' என்று கூடுதல் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் அறை வடக்கு பார்த்திருக்கும். காட்சி பிரமாதம், ஆனால் நவம்பரில் அந்த அறைக்குள் வெயில் எட்டிப்பார்க்காது, பகலிலும் கல் சில்லென்று இருக்கும். அம்மாவுக்குக் கிழக்கிலோ தெற்கிலோ வெயில் விழும் அறையாகக் கேளுங்கள். சிகரத்தைப் பொது மாடியிலோ முற்றத்திலோ நாற்காலி போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கார் நிற்கும் இடத்தில் இருந்து அறைக்கு எத்தனை படி என்று தொலைபேசியில் கேளுங்கள். சரிவில் கட்டிய விடுதிகளில் 'தரைத்தளம்' என்பதற்கே நாற்பது படி இறங்க வேண்டியிருக்கும். ஹீட்டருக்குத் தனிக் கட்டணமா, கரண்ட் போனால் வெந்நீருக்கு என்ன வழி என்பதையும் கேளுங்கள். ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும். மாநில அரசின் சுற்றுலா நிறுவனமான கே.எம்.வி.என்.-இன் விடுதி ராணிகேத்திலும் உண்டு, ஆடம்பரம் எதிர்பார்க்காவிட்டால் அதையும் விசாரியுங்கள்.

அங்கே போய் என்ன செய்வது? முடிந்தவரை ஒன்றும் செய்யாதீர்கள். அல்மோரா, கௌசானி, நைனிடால் என்று டாக்சிக்காரர் சுற்றுலாப் பட்டியல் கொடுப்பார், மறுத்துவிடுங்கள். நான்கு நாளும் ஒரே ஊர், ஒரே அறை. விடியலில் எழுந்து வடக்கே பாருங்கள். முதல் வெளிச்சம் சிகரங்களில் விழும்போது பக்கத்து மலைகள் இன்னும் இருட்டில் இருக்கும். அம்மாவை எழுப்பிச் சால்வை போர்த்தி அதைப் பார்க்க வையுங்கள், இந்தப் பயணத்தில் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான். ஒருநாள் சௌபாட்டியா பழத்தோட்டமும் வழியில் மணிகளாகத் தொங்கும் ஜூலா தேவி கோயிலும் போதும். ஆப்பிள் பறித்து முடிந்திருக்கும், மரத்தில் பழத்தைத் தேடாதீர்கள். காடு சிவந்து இலை கொட்டும் என்றும் நினைக்க வேண்டாம், பைனும் தேவதாருவும் எப்போதும் பச்சைதான், அந்தச் செந்நிறம் காஷ்மீரின் சினார் மரத்தோடு சரி. பதிலுக்கு, மலைக் காட்டுச் செர்ரி இங்கே இந்தப் பருவத்தில்தான் இளஞ்சிவப்பாகப் பூக்கும்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். மண்டுவா ரொட்டி நம் கேழ்வரகுதான், கஹத் பருப்பு நம் கொள்ளு, ஜங்கோரா நம் குதிரைவாலி. வெள்ளரிக்காயில் கடுகு அரைத்துவிட்டு ஒரு ராய்த்தா செய்வார்கள், அம்மா கட்டாயம் செய்முறை கேட்பார். முன்கூட்டிச் சொன்னால் பல விடுதிகளில் இதையெல்லாம் சமைத்துத் தருவார்கள். சொல்லாவிட்டால் பன்னீர் பட்டர் மசாலாதான் வரும்.

திரும்பும்போதும் சதாப்திதான் வசதி, காத்கோதாமில் பிற்பகல் கிளம்பி இரவுக்குள் டெல்லி சேர்த்துவிடும். காலை ஒன்பது மணிக்குள் ராணிகேத்தை விட்டுவிடுங்கள், அப்போதுதான் கைன்சியில் நின்றாலும் பதற்றம் இல்லாமல் வண்டியைப் பிடிக்கலாம். வளைவுகளில் அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டும் என்றால் முன் இருக்கையில் உட்கார வைத்து, கிளம்பும் முன்பு இட்லி அளவுக்கு லேசாக ஏதாவது கொடுங்கள்.