எம்ஆர்ஐ நார்மல் என்றால் நோய் இல்லையா? மூளைத்தண்டு அழற்சி: கேள்வி-பதில்

தம்பிக்குக் காய்ச்சல் விட்டபின் பார்வை இரட்டையானது, நடை தள்ளாடியது, அப்புறம் ஓயாத தூக்கம். பிக்கர்ஸ்டாஃப் மூளைத்தண்டு அழற்சி என்கிறார் டாக்டர். எம்ஆர்ஐயோ நார்மல். எதை நம்புவது? (மன்னார்குடி)

டாக்டரை நம்புங்கள். மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டை உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறாகத் தாக்குவதுதான் இந்த நோய். 2003-இல் ஜப்பானில் 62 நோயாளிகளை ஆராய்ந்தபோது, எம்ஆர்ஐயில் மாற்றம் தெரிந்தது சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான். கண் அசைவு முடங்குதல், தள்ளாட்டம், இவற்றோடு மயக்கநிலை அல்லது மிகையான தசைநாண் துடிப்பு (முட்டியில் தட்டினால் கால் அளவுக்கு மீறி உதறுவது): நோயைக் காட்டுவது இவைதான். ரத்தத்தில் ஜிக்யூ1பி எதிர்ப்பொருள் (நரம்பிலுள்ள ஜிக்யூ1பி என்ற பொருளைத் தாக்குவது) இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் அதுவும் அந்த ஆய்வில் மூன்றில் இரண்டு பேருக்கே இருந்தது.

பின் ஏன் எம்ஆர்ஐ? ரத்தக்குழாய் அடைப்பு, கட்டி, காசநோய்க் கட்டி போன்றவை இல்லை என்று உறுதி செய்யத்தான். படம் சுத்தமாக வந்ததென்று, இந்த நோய்க்கு நரம்பு வழியே ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்தை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். தீவிரமாகப் படுத்தவர்களிலும் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

மனைவியின் ரிப்போர்ட்டில் 'பான்ஸில் ஃப்ளேர் வெண்மை' என்றிருக்கிறது. அப்படியென்றால்? (கும்பகோணம்)

பான்ஸ் என்பது மூளைத்தண்டின் நடுப்பகுதி. வீக்கத்தால் நீர் கூடிய இடம் டி2, ஃப்ளேர் என்ற எம்ஆர்ஐ வகைப் படங்களில் வெளுத்துத் தெரியும். பிக்கர்ஸ்டாஃப் நோயில் இந்த வெண்மை மூளைத்தண்டில் வரலாம். சிலருக்கு மூளையின் நடுவிலுள்ள தாலமஸ், சிறுமூளையிலும் வரும். ஆனால் வெண்மையை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்று, ரத்தக்குழாய்களில் அழற்சி வரும் பெசெட் நோய் ஆகியவையும் மூளைத்தண்டை வெளுக்க வைக்கும். தாலமஸ் இரண்டு பக்கமும் வெளுத்திருந்தால், நெல்வயல் சூழ்ந்த நம் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் (படத்தைத் தெளிவாக்கும் மருந்து) ஏற்றியபின் பான்ஸில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் ஒளிர்ந்தால் அது 2010-இல் விவரிக்கப்பட்ட கிளிப்பர்ஸ் என்ற இன்னொரு மூளைத்தண்டு அழற்சி நோயாக இருக்கலாம். ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கட்டுப்படும்.

சி.டி. ஸ்கேன் போதாதா? (திருவாரூர்)

ரத்தக்கசிவைப் பார்க்கப் போதும். மூளைத்தண்டைச் சுற்றியுள்ள எலும்பு படத்தைக் கெடுத்துவிடுவதால் இதற்குப் போதாது.

எங்கள் தெருவில் ஒருவருக்குக் காலையில் எழும்போதே இமை தொங்கி, பார்வை இரட்டையாகிவிட்டது. அதுவும் இந்த நோயா? (பாபநாசம்)

தரையில் படுத்திருந்தாரா என்று முதலில் கேளுங்கள். கட்டுவிரியன் இரவில் கடித்தால் வலியோ தடமோ தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐயும் நார்மலாகவே இருக்கும். அழற்சி நோய் பெரும்பாலும் தொற்றுக்குப் பின் நாள்கணக்கில் வளரும்; விஷம் சில மணி நேரத்திலேயே மூச்சை நிறுத்திவிடும். ஸ்கேன் சென்டரைத் தேடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.