அம்பு முனைக்குக் கூர் ஏற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இரண்டு அலகு பிராட்ஹெட்டை (வேட்டை அம்பின் வெட்டும் முனை) அரை மணி நேரமாகக் கல்லில் தேய்க்கிறேன். பளபளப்பு வருகிறது, கூர் வரவில்லை. கல்லை மாற்றணுமா?

பதில்: கல்லில் குறை இல்லை தம்பி. விளிம்புக்குப் பின்னால் உள்ள தோளைத்தான் தேய்க்கிறீர்கள், விளிம்பைக் கல் தொடவே இல்லை. விளிம்பை நோக்கிச் சாயும் சரிவு முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசி நாலைந்து இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டி மை மெல்லிய கோடாக மிச்சம் இருந்தால் கோணம் படுத்திருக்கிறது. தண்டுப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்குங்கள். விளிம்பில் மட்டும் மை அழிந்திருந்தால் அதிகமாக நிமிர்த்திவிட்டீர்கள். பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரி சரியாக இருக்கும்.

கோணம் பிடிபட்டதும், 400 கிரிட் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) ஒரு பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருங்கள். எதிர்ப்பக்கத்தில் பிசிறு, அதாவது விளிம்பில் மடங்கி நிற்கும் மெல்லிய உலோக இழை, எழும்ப வேண்டும். அலகின் நடுவிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே விரலை மெதுவாக இழுத்தால் சுரசுரவென்று தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். நுனியிலிருந்து அடிவரை பிசிறு விட்டுப்போகாமல் இருந்தால்தான் மறுபக்கம் திருப்பலாம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது நுனியில்தான். பிறகு 1000, 3000 என்று ஏறுங்கள். ஏற ஏறக் கை அழுத்தம் குறைய வேண்டும். கடைசிக் கல்லில் முனையின் சொந்த எடையே போதும்.

கேள்வி: எல்லாம் செய்தேன் சார். முதலில் தாளை அறுக்கிறது, நாலு தடவைக்குப் பின் மழுங்கிவிடுகிறது. எஃகு மட்டமா?

பதில்: எஃகைக் குறை சொல்வதற்கு முன் பிசிறைப் பாருங்கள். அறுத்தது விளிம்பல்ல, அதில் ஒட்டிக்கொண்டிருந்த பிசிறு. அது மடங்கியதும் கூர் போய்விட்டது. கடைசிக் கல்லில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி லேசாக இழுங்கள். அப்புறம் மெருகேற்றும் குரோமியம் ஆக்சைடு பூசிய தோல்பட்டையில் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு. தோலில் எப்போதும் விளிம்பு பின்னால் வருமாறுதான் இழுக்க வேண்டும்; முன்னால் தள்ளினால் தோலே கிழியும்.

கேள்வி: மூன்று அலகு முனைக்குக் கோணம் எப்படிப் பிடிப்பது?

பதில்: பிடிக்கவே வேண்டாம். இரண்டு அலகுகள் கல்லில் சமமாகப் படியும்படி வைத்துத் தேய்த்தாலே கோணம் அமைந்துவிடும். விளிம்பு மொத்தம் 60 டிகிரியில் நிற்கும். நீளமான கல் அல்லது அரம் தேவை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்த்துத் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஓர் அலகு மட்டும் தேய்ந்து முனை கோணும். முடித்ததும் அம்பில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். நுனி ஆடினால் அந்த அம்பை எய்ய வேண்டாம்.

கேள்வி: ஒருபக்கச் சரிவு முனைக்கு இரண்டு பக்கமும் தீட்டலாமா?

பதில்: கூடாது. சரிவுள்ள பக்கத்தை மட்டும் 25 முதல் 30 டிகிரிக்குள் அதன் சொந்தக் கோணத்திலேயே தீட்டுங்கள். தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படுக்க வைத்து, பிசிறு போகும் அளவுக்கு இரண்டு மூன்று இழுப்பு, அவ்வளவே. வலச்சரிவு முனைக்கு அம்பை வலப்பக்கம் சுழற்றும் வால் இறகு, இடச்சரிவுக்கு இடப்பக்கம். மாற்றிப் போட்டால் அம்பு பறக்கும்போது ஒரு பக்கமும் உடலுக்குள் போனதும் மறுபக்கமும் சுழலப் பார்க்கும், விசை வீணாகும்.

கேள்வி: மோட்டார் சாணையில் வைத்தால் சீக்கிரம் முடியுமே?

பதில்: முடியும், அலகின் பதமும் சேர்ந்தே முடியும். மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். நீலம் பூத்த இடம் கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கும், அங்கே எஃகு மிருதுவாகிவிடும். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

கேள்வி: கூர் வந்ததா என்று பார்க்கக் கைமுடி மழிந்தால் போதாதா?

பதில்: போதாது. ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி, அலகை அழுத்தாமல் வைத்து லேசாக இழுங்கள். கூர் இருந்தால் தொட்ட மாத்திரத்தில் அறும். இல்லாவிட்டால் பேண்ட் வளைந்து விலகும். இரத்தக் குழாயும் அப்படித்தான், மழுங்கிய அலகுக்கு நழுவிவிடும். சுத்தமாக அறுபட்டால் இரத்தம் உறையத் தாமதமாகும், விலங்கு விரைவில் விழும். அது நீண்ட நேரம் வதைபடாமல் இருப்பது உங்கள் தீட்டலில்தான் இருக்கிறது. அலகின் முழு நீளத்தையும் இப்படிச் சோதியுங்கள்.

கேள்வி: கழற்றி மாட்டும் அலகுகளைத் தீட்டலாமா?

பதில்: மெல்லியவை, மாற்றிவிடுங்கள். பயிற்சிக்குப் பழையதை வைத்துக்கொள்ளலாம். பயிற்சி இலக்கில் ஒரே ஒரு தடவை எய்த அலகு வேட்டைக்கு ஆகாது.

கேள்வி: தீட்டி வைத்தது சில வாரத்தில் மழுங்குகிறதே?

பதில்: துரு, இல்லையென்றால் தூணியில் அலகுகள் ஒன்றோடொன்று உரசுவது. விளிம்பில் வாசலின் மெல்லியதாகத் தடவி, முனைகள் தனித்தனியே பதியும் ஃபோம் உள்ள தூணியில் வையுங்கள். அதே குழியில் திரும்பத் திரும்பக் குத்தும்போது ஃபோமில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டவும் கழற்றவும் பிராட்ஹெட் சாவி (முனையைப் பிடித்துத் திருகும் கருவி) வேண்டும், வெறுங்கையில் திருகவே கூடாது.