அதிகம் பேசப்படாத நல்ல தமிழ்ப் புத்தகங்கள் எவை? கதை, கதையல்லாதது இரண்டிலும் சொல்லுங்கள்.

கதை என்றால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. தீவிர வாசகர்கள் கொண்டாடுவார்கள், ஆனால் வெளியே பலருக்குப் பெயரே தெரியாது. கதை நடப்பது இரண்டாம் உலகப் போர்க்கால மெடான் (இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள ஊர்), பினாங்கு. வட்டிக்கடைத் தமிழர்கள், ஜப்பானியர் வருகை, நேதாஜியின் படை. சிங்காரம் இளவயதில் மெடானில் வேலை பார்த்தவர். அதனால் தெருக்களும் கடைப்பேச்சும் அப்படியே கண்முன் நிற்கும். முதல் ஐம்பது பக்கம் மலாய்ச் சொற்கள் கொஞ்சம் திணறடிக்கும், விட்டுவிடாதீர்கள். அவர் எழுதியது மொத்தமே இரண்டு நாவல்கள்தான்!

கதையல்லாததில், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும், இருந்தவர், 1736 முதல் 1761 வரை எழுதியது. கப்பல் வந்தது, சரக்கு விலை, 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தது, ஊர் வம்பு எல்லாம் ஒரே மூச்சில் வரும். பழைய தமிழ், பல தொகுதிகள். வரிசையாகப் படிக்க வேண்டாம். நூலகத்தில் 1746ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து நடுவில் பிரியுங்கள், அப்புறம் கீழே வைக்க மனம் வராது.

பயணம் பிடிக்குமா? சரி, ஏ.கே. செட்டியார் எழுதிய எது கிடைத்தாலும் வாங்குங்கள். 1940இல் காந்தி ஆவணப்படம் எடுத்தவர் அவர்தான்.