இடிபடவிருக்கும் ஆலைக்குள் ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் மூடிக் கிடக்கும் ஆலைகள் வீட்டுமனைகளாகி வருவதைப் பற்றி எழுதப்பட்ட அந்தக் கடிதங்களை, ஆலைப் பாதுகாப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்தார்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊருக்கு அருகே ஒரு மாம்பழக்கூழ் ஆலை பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக் கிடக்கிறது. மனை போடுபவர்கள் நிலத்தை வாங்கிவிட்டார்கள். தை பிறந்ததும் இடித்துவிடுவார்கள் என்று பேச்சு. என் பாட்டி அங்கே இருபது சீசன் வேலை பார்த்தவர். நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் பின்பக்கச் சுவர் சரிந்த இடத்தின் வழியாக உள்ளே போய்ப் படம் எடுக்க நினைக்கிறோம். போகலாமா? போனால் எதைப் பார்க்க வேண்டும்?
– மாணவர், காவேரிப்பட்டினம்

பதில்: தம்பி, போக வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டாம், வழியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சரிந்த சுவரை விட்டுவிட்டு, உடைமையாளரின் எழுத்து அனுமதியோடு, பகல் வெளிச்சத்தில், வாயிற்கதவு வழியாகப் போங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 329ஆம் பிரிவு, குற்றம் செய்யும் எண்ணத்தோடோ உடைமையாளரை மிரட்டவோ தொல்லைப்படுத்தவோ எண்ணியோ நுழைவதையே அத்துமீறல் குற்றம் என்கிறது; அதற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உங்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் மூடிய ஆலைகளில் முதலில் திருடு போவது செம்புக் கம்பிதான் என்பதால், பையோடு சுவரேறி வருகிறவரைக் காவலாளி எப்படிப் பார்ப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அனுமதி யாரிடம் கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலில் வாயிற்சுவரைப் பாருங்கள். கடனுக்காக வங்கி சுவாதீனம் எடுத்த சொத்து என்றால் அதற்கான அறிவிப்பு அங்கே ஒட்டப்பட்டிருக்கும். அப்போது வங்கிக் கிளையில்தான் கேட்க வேண்டும். விற்பனை முடிந்துவிட்டதென்றால் புதிய உடைமையாளரிடம் கேளுங்கள். இடிப்பு ஒப்பந்தம் போட்டாகிவிட்டதென்றால் ஒப்பந்தக்காரரின் சம்மதமும் வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு இரும்புத்துண்டும் அவர் கணக்கில் இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்பதைக் கடிதத்தில் குறிப்பிட்டு, எதையும் எடுக்கமாட்டோம், படங்களின் பிரதி ஒன்றைத் தங்களுக்கும் தருவோம் என்றும் எழுதுங்கள். கேட்டவுடன் கதவு திறக்காது; இரண்டாம் முறை நேரில் போய்க் கேட்கும்போது பெரும்பாலும் திறக்கும்.

இனி ஆபத்துகளைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கண் முன்னால் நடந்த ஒன்று இன்றும் நினைவில் நிற்கிறது. அரூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு நானும் சக ஊழியர் ஒருவரும் போயிருந்தோம். ஜவ்வரிசி காயப்போடும் களத்தை மேலிருந்து முழுதாகப் பார்க்கலாம் என்று அவர் கூரை மேல் ஏறினார். கல்நார் ஓடு, அதாவது நாம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று சொல்வது, பார்வைக்குத் திடமாகத்தான் இருந்தது. நாலாவது அடியில் அவருடைய வலது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. அடியில் இருந்த இரும்புச் சட்டத்தில் இடது முழங்கால் மாட்டிக்கொண்டதால் உயிர் பிழைத்தார். கீழே இருந்தது வெறும் சிமெண்டுத் தரை. வெயிலிலும் மழையிலும் கிடந்த பழைய ஷீட் ஆளின் எடையைத் தாங்காது. ஆகவே கூரை மேல் ஏறுவது என்ற பேச்சே வேண்டாம். உடைந்த ஷீட் துண்டுகளை மிதிக்கவும் உதைக்கவும் வேண்டாம். அதிலிருந்து பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கினால் அதன் தீங்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அந்த இழையைத் தடுக்காது.

கூழ் ஆலைக்கே உரிய ஆபத்து கழிவுநீர்த் தொட்டி. சீசனில் பழம் கழுவிய நீரும் தோலும் நாரும் போய்ச் சேரும் அந்தத் தொட்டியின் மேல் புல் முளைத்து, தரை எது, மூடி எது என்று தெரியாமல் இருக்கும். கையில் நீளமான மூங்கில் கழி ஒன்றை வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடங்கள். எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்காதீர்கள். அழுகிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றமாகத் தெரியும்; அளவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் சக்தியையே இழந்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே இறந்த செய்திகளை நீங்கள் நாளிதழில் படித்திருப்பீர்கள். கணுக்காலுக்கு மேல் வரும் காலணி போடுங்கள். வைக்கோல் கிடந்த கொட்டகையில் விரியன் படுத்திருக்கும்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். பழம் போன வழியிலேயே நீங்களும் போங்கள். லாரி நின்ற எடைமேடையில் தொடங்குங்கள். நம் பக்கத்துக் கூழ் பெரும்பாலும் பெங்களூரா மாங்காயில் செய்வது. செங்காயாக வருவதை வைக்கோல் பரப்பிய கொட்டகையில் பழுக்க வைத்து, கழுவி, காம்பு நீக்கி, கொட்டை பிரித்து, சல்லடை எந்திரத்தில் கூழாக்கி, சூடேற்றி, 3.1 கிலோ டின்னிலோ, கிருமி நீக்கிய பையில் நிரப்பி 200 லிட்டர் இரும்பு டிரம்மிலோ அடைப்பார்கள். துருப்பிடிக்காத எஃகுக்கு விலை உண்டு என்பதால் எந்திரங்கள் ஏற்கெனவே போயிருக்கலாம். அதனால் மனம் தளர வேண்டாம். தரையே ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லும். மாம்பழச் சாறு புளிப்பானது. அது சிமெண்டையும் கடப்பாக் கல்லையும் மெல்ல அரிக்கும். வடிகாலை ஒட்டிய கல் மட்டும் வழவழப்புப் போய்ச் சொரசொரப்பாக இருந்தால் சாறு வழிந்த இடம் அது. அதற்கு எதிரே, ஒரு முழ இடைவெளியில், இரண்டிரண்டாகக் கல் தேய்ந்து பளபளத்தால் பெண்கள் வரிசையாக நின்று வேலை செய்த இடம் அது. அந்தத் தேய்மானத்தைச் சாய்வான காலை வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பாய்லர் இன்னும் இருந்தால் அதன் உடலில் பொறித்த பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆலை ஓடிய காலத்தில் நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு பாய்லரும் பதிவாகியிருக்க வேண்டும். ஆலையின் வயதைத் தேட அந்த எண் ஒரு நல்ல தொடக்கம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பாட்டியிடம் உட்காருங்கள். முடிந்தால் அவரையும் வாயில் வரையாவது அழைத்துப் போங்கள். காம்பு கிள்ளும்போது மாங்காய்ப் பால் பட்டு விரல் வெந்ததற்கு அவர்கள் என்ன பூசினார்கள், ஷிஃப்ட் மாறும்போது சங்கு ஊதியதா மணி அடித்ததா, கைக்குழந்தையை எந்த மரத்தடியில் தூளி கட்டிப் போட்டார்கள் என்பதெல்லாம் எந்தச் சுவரிலும் எழுதியிருக்காது. கட்டடத்தின் படம் பத்துப் பேரிடம் கிடைக்கலாம். இது பாட்டியோடு வேலை பார்த்தவர்களிடம் மட்டும்தான் கிடைக்கும்.

கேள்வி: அதுபோன்ற ஓர் ஆலை நிலத்தில் மனை வாங்க முன்பணம் கொடுத்திருக்கிறேன். பழைய ஆலைக் கழிவால் பின்னால் தொல்லை வருமா?
– வாசகர், ஓசூர்

பதில்: தோல் பதனிடும் ஆலை, முலாம் பூசும் ஆலை போன்றவற்றின் நிலத்தைப் போல் கூழ் ஆலை நிலத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, அதன் கழிவு பெரும்பாலும் மண்ணில் மக்கக்கூடியது. கவலைப்பட வேண்டியது வேறொன்று. கழிவுநீர்த் தொட்டியையும் பழைய கிணற்றையும் இடிபாட்டைக் கொட்டி மூடி, சமப்படுத்தி, கல் நட்டு விற்றுவிட்டால், மேலே நிற்கும் வீட்டின் அஸ்திவாரம் ஒரு பக்கம் மட்டும் இறங்கும். ஆகவே இடிப்பதற்கு முன்பே உடைமையாளரின் அனுமதியோடு ஒருமுறை நிலத்தைச் சுற்றி நடந்து, புல வரைபடத்தின் நகலில் தொட்டி, கிணறு, பாய்லர் அறை, டீசல் தொட்டி, டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இடித்த பிறகு அந்த இடங்களை யாராலும் காட்ட முடியாது. உங்கள் மனை அவற்றில் எதன் மேலாவது விழுந்தால் வேறு மனை கேளுங்கள், அல்லது மண் பரிசோதனை செய்யாமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் தொழிற்சாலைப் பயன்பாடு என்று வகைப்படுத்தப்பட்ட நிலமாக இருந்தால், குடியிருப்புப் பயன்பாட்டுக்கு மாற்றிய ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ எட்டுக்கு மேற்பட்ட மனைகளோ கொண்ட திட்டம் ரெரா எனப்படும் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கல்நார்க் கூரையைப் பொக்லைனால் நொறுக்காமல், நீர் தெளித்து, ஆணி கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். நொறுக்கினால் அந்தத் துகள் நாளை உங்கள் தோட்ட மண்ணில் கிடக்கும்.

கேள்வி: இத்தகைய ஆலைகளைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்து இடிக்காமல் தடுக்க முடியாதா?
– ஆசிரியை, தருமபுரி

பதில்: பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டு வயதுடைய கூழ் ஆலைக்கு அந்த வழியில் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட மாட்டேன். வீடில்லாதவர்களுக்கு வீடும் வேண்டும். புதிய உடைமையாளரிடம் புகைபோக்கியையோ எடைமேடையையோ பூங்காவுக்கு ஒதுக்கும் இடத்தில் விட்டுவைக்கும்படி கேட்பதும், முழு ஆலையையும் அளந்து வரைந்து வைப்பதும் நடக்கக்கூடிய காரியங்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்த குறுகிய ரயில்பாதை பின்னர் ஓசூர் வரை நீண்டு, 1941இல் மூடப்பட்டது. இன்று அது ஓடிய தடத்தை உங்கள் மாணவர்களில் எத்தனை பேரால் காட்ட முடியும் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அளந்து வரையும் வேலைக்கு உங்கள் பள்ளியின் பத்து மாணவர்களும் ஒரு அளவு நாடாவும் போதும்.

கேள்வி: இடிப்பு வேலை எடுத்த ஓர் ஆலையின் அலுவலக அறையில் சம்பளப் பதிவேடுகளும் அட்டைகளும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. கரையான் ஏறியிருக்கிறது. பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாமா?
– பழைய இரும்பு வியாபாரி, பர்கூர்

பதில்: தயவுசெய்து போட வேண்டாம். இந்த நான்கு கடிதங்களில் உங்கள் கடிதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். சீசன் ஆலையில் வேலை பார்த்தவருக்கு, ஆண்டில் சில மாதங்களே வேலை இருந்தாலும், அது முழு ஆண்டாகக் கணக்கிடப்படும். எனவே சந்தா கட்டப்பட்டிருந்தால் பத்து சீசன் வேலை பார்த்த பெண்ணுக்கும் 58 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் கேட்கும் உரிமை உண்டு. ஆலை மூடி, மேலாளர் ஊரைவிட்டுப் போன பிறகு, அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் இருக்கும் கைநாட்டும் 3ஏ எனப்படும் ஆண்டுச் சந்தா அட்டையும்தான் சாட்சி.

மூட்டைகளை வெயிலில் ஒரு நாள் உலர்த்தி, ஈரமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, பழைய உடைமையாளருக்கும் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் யாராவது ஒருவர் காதிலும் போடுங்கள். மற்றவர்களுக்கு அவர் சொல்லிக்கொள்வார். காவேரிப்பட்டினத்து மாணவரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். தம்பி, பாட்டியிடம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்களா என்று கேளுங்கள். பிடித்திருந்தால், எண் எழுதிய சீட்டு ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று இன்று மாலையே தேடிப் பாருங்கள்.