கொட்டையிலிருந்து பழச்செடி: எதற்குப் பணம் செலவிடலாம்?

கேள்வி: உண்டபின் எறியும் மாங்கொட்டை, அவகாடோ விதை, அன்னாசிக் கொண்டை ஆகியவற்றை வீட்டுக்குள்ளேயே வளர்த்துப் பழம் பறிக்கலாம் என்று விளம்பரப்படுத்தி, முளைப்புத் தட்டு, சூடேற்றும் விரிப்பு, ஊதா நிற விளக்கு, திரவ உரம் அடங்கிய தொகுப்பு ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தொகுப்பாக வாங்க வேண்டாம். வெவ்வேறு இயல்புடைய மூன்று செடிகளுக்கு ஒரே வாக்குறுதியை அளிப்பதுதான் இந்த விளம்பரத்தின் கோளாறு. அன்னாசிக் கொண்டை விதையன்று. அது தாய்ச்செடியின் ஒரு பகுதி என்பதால், நீங்கள் உண்ட அதே இரகம்தான் அதிலிருந்து வளரும். ஒட்டியிருக்கும் சதையை நீக்கி, அடியிலுள்ள சில இலைகளை உரித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் உலரவிட்டு, நீர் தேங்காத மண்கலவையில் நட்டால் போதும். நல்ல வெளிச்சம் கிடைத்தால் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று ஆண்டுகளில் காய்க்கும். நன்கு வளர்ந்த செடி பூக்காமல் நின்றால், பழுத்த ஆப்பிள் ஒன்றை அருகில் வைத்துச் செடியைச் சில நாள் உறையால் மூடிவைப்பதுண்டு. பழம் வெளியிடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். இதற்கு ஒரு தொட்டியும் மண்ணும் தவிர வேறு செலவே இல்லை.

மாவும் அவகாடோவும் அப்படியல்ல. மாங்கொட்டை காய்ந்துவிட்டால் முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால், ஓட்டைப் பிளந்து பருப்பை எடுத்து உடனே நட வேண்டும். பல முளைகள் தரும் கொட்டையுள்ள இரகங்களில் பெரும்பாலான கன்றுகள் தாயைப் போலவே அமையும். ஒரே முளை தரும் இரகங்களில் பழம் எப்படியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஹாஸ் என்னும் அவகாடோ இரகத்தின் விதையிலிருந்து வருவதும் ஹாஸ் ஆகாது. அது காய்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதுவும் நிலத்தில் நின்று வெயில் குடிக்கும் மரத்திற்கான கணக்கு. அறைக்குள் இவற்றை அழகான இலைச்செடிகளாகக் கருதி வளர்ப்பதே நியாயமான எதிர்பார்ப்பு.

தொகுப்பிலுள்ள பொருள்களைப் பார்ப்போம். இவ்விரு விதைகளும் நீண்ட ஆணிவேர் விடுபவை என்பதால் ஆழமற்ற தட்டு பொருந்தாது. முதல் வாரங்களுக்கான உணவு விதைக்குள்ளேயே இருப்பதால் உரத்திற்கு அவசரமில்லை. அறை குளிராக இருந்தால் மட்டுமே விரிப்பு உதவும். செலவு செய்யத் தக்கது விளக்கு ஒன்றுதான். நேர் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு எட்டும். சன்னலை விட்டுச் சில மீட்டர் உள்ளே வந்தால் சில நூறு லக்ஸ்தான் கிடைக்கும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வீழ்ச்சி நமக்குத் தெரிவதில்லை, செடிக்குத் தெரியும். விளக்குப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘1000 வாட்டுக்கு இணையானது’ என்ற வாசகத்தை ஒதுக்கிவிட்டு, உண்மையில் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறது என்பதைப் பாருங்கள்; இணை என்று போடப்படும் எண் பலமடங்கு ஊதப்பட்டதாக இருப்பது வழக்கம். ஊதா நிறமும் கட்டாயமில்லை. வெண்ணிற எல்இடி விளக்கே போதும், அறையும் பார்க்கச் சகிக்கும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ‘வாழை விதை’ முளைக்கவேயில்லை. விதைக்குத் திரும்பப்பெறும் வசதி கிடையாது என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது?

பதில்: நாம் உண்ணும் வாழை இரகங்களில் முளைக்கத்தக்க விதை இருப்பதில்லை, பழத்தின் நடுவில் தெரியும் கரும்புள்ளிகள் விதையாக வளராமல் நின்றுபோன சூல்கள். விதையாக விற்கப்படுபவை பெரும்பாலும் காட்டு வாழை இனங்களுடையவை. அவை முளைத்தாலும் பழம் முழுக்கக் கல் போன்ற விதைகளே இருக்கும். விளம்பரத்தில் உண்ணும் பழத்தின் படத்தைப் போட்டிருந்தால், முளைக்கவில்லை என்று வாதிடாமல், விவரித்த பொருளும் அனுப்பிய பொருளும் வேறு என்ற அடிப்படையில் விற்பனைத் தளத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். விளம்பரத்தின் படம், பொட்டலம், கட்டண விவரம் ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். தொட்டியில் வாழைதான் வேண்டுமென்றால், குட்டை இரகத்தின் பக்கக்கன்றையோ திசு வளர்ப்புக் கன்றையோ வாங்குவதே வழி.

கேள்வி: ஒட்டுக்கன்று (வேர்ச்செடி எனப்படும் ஒரு செடியின் மேல் விரும்பிய இரகத்தின் கிளையை ஒட்டிய கன்று) வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இரகத்தின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். தண்டின் கீழ்ப்பகுதியில் ஒட்டுக் கட்டிய தடம் தெரிய வேண்டும். அது தெரியாத கன்று விதையிலிருந்து வளர்ந்ததாக இருக்கக்கூடும். ஒட்டுக்குக் கீழே துளிர் இருந்தால், அது வேர்ச்செடியின் துளிர். வளரவிட்டால் ஒட்டுப்பகுதியை அமுக்கிவிடும் என்பதால் அதைக் கிள்ளிவிட வேண்டும். தனி ஒரு செடியாகவே காய் பிடிக்குமா என்பதையும் பணம் கொடுக்குமுன் கேளுங்கள். ஏனெனில் பேஷன் பழம், டிராகன் பழம் ஆகியவற்றில் சில இரகங்களுக்கு வேறொரு செடியின் மகரந்தம் தேவை, அறைக்குள் அந்த வேலையைத் தூரிகையால் நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும்.